இரட்சிப்பும் மீட்பும்: ஒரு பொருண்மையியல் நோக்கு

கிறித்தவ சமயக் கோட்பாட்டின் மையக் கருத்து ஒன்றைத் தமிழ் இரு சொற்களால் வழங்கிவருகிறது. 1871-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு 'இரட்சிப்பு' என்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம் 'மீட்பு' என்கிறது. இம்மாற்றம் பெரும்பாலும் வடசொல் நீக்கம் என்ற அளவிலேயே பேசப்படுகிறது. இரண்டும் ஒரு பொருட் பன்மொழி அல்ல என்பது மூலத்தோடு ஒப்பிட்டு நோக்குவார்க்குப் புலனாகும்.

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் இக்கருத்தைக் குறிக்கும் பெயர் 'சோத்தேரியா'; அதன் வினை 'சோஸோ'. இடரினின்று தப்புவித்தல், நோய் நீக்கி நலமாக்குதல், பாவத்தினின்றும் இறுதித் தீர்ப்பினின்றும் காத்தல் ஆகியன யாவும் இவ்வொரு வினையின் பொருட்பரப்பில் அடங்கும். மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் இதற்குத் தக்க சான்று. யவீரு தன் மகளுக்காக வேண்டுமிடத்தும் (5:23), பெரும்பாடுள்ள பெண் தனக்குள் எண்ணுமிடத்தும் (5:28), இயேசு அப்பெண்ணிடம் கூறுமிடத்தும் (5:34) வருவது இவ்வினையே. ஐக்கிய மொழிபெயர்ப்பு முதலிடத்தில் ஆரோக்கியமடைதல் என்றும், அடுத்து சொஸ்தமாதல் என்றும், மூன்றாமிடத்தில் இரட்சித்தல் என்றும் பெயர்க்கிறது. சொற்சீர்மை இல்லை என்று குறை கூறலாம். ஆயினும் அப்பெண் நாடியது உடல்நலம், பெற்றது அதனினும் பெரிது என்ற விளக்கம் அவ்வேறுபாட்டில் உட்பொதிந்துள்ளது.

லூக்கா 7:50-இல் வேறொரு பெண். அவளுக்கு நோய் இல்லை. ஊரார் பாவி என்று ஒதுக்கியவள். அவளுடைய நம்பிக்கையைப் பற்றி இயேசு கூறும் தொடர், கிரேக்கத்தில் மாற்கு 5:34-இல் உள்ள தொடரோடு சொல்லுக்குச் சொல் ஒன்று. ஐக்கிய மொழிபெயர்ப்பு ஈரிடத்தும் இரட்சித்தல் என்றே ஆள்கிறது. திருவிவிலியமோ முன்னவளுக்குக் குணமாக்குதல் என்றும் பின்னவளுக்கு மீட்டல் என்றும் பிரித்துவிடுகிறது. தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் இயல்பான தமிழே. திருவிவிலியத்தின் நடைத்தெளிவை மறுப்பதற்கில்லை. ஆனால் நோயுற்றவளும் ஒதுக்கப்பட்டவளும் ஒரே சொல்லைக் கேட்டனர் என்பதைத் தமிழ் மட்டும் அறிந்த வாசகர் இனி அறிய வழியில்லை. இதனை இக்கட்டுரையாளர் சிறு இழப்பாகக் கருதவில்லை.

'மீள்' என்பதன் பிறவினையாகிய 'மீட்டல்', முன்பு தனக்கு உரியதாயிருந்து பிறர் கைப்பட்டதைத் திரும்பப் பெறுதலைச் சுட்டும். கரந்தைத் திணையில் ஆநிரையை மீட்பதும், இன்று அடகு வைத்த நகையை மீட்பதும் இப்பொருளனவே. பழைய உரிமை, இடையில் நேர்ந்த இழப்பு, அதைத் தீர்க்கப் போர் அல்லது பணம் என்ற மூன்றும் இச்சொல்லோடு வருகின்றன. இவை கிரேக்க 'லூத்ரோன்', அதாவது ஈட்டுத்தொகை, என்னும் சொல்லுக்கு மிகப் பொருந்தும். ஐக்கிய மொழிபெயர்ப்பு மாற்கு 10:45-இல் அச்சொல்லை மீட்கும் பொருள் என்று பெயர்த்து, லூக்கா 2:11-இல் வரும் 'சோத்தேர்' என்பதற்கு இரட்சகர் என்று வேறு சொல் தந்தது. திருவிவிலியத்தில் முன்னதும் மீட்பு, பின்னது மீட்பர். இருவேறு உருவகங்கள் ஒன்றாகிவிட்டன. விலை கொடுக்கப்பட்டதென்றால் யாருக்கு என்ற வினாவை நான்காம் நூற்றாண்டிலேயே நசியான்சு கிரகோரியார் எழுப்பி, சாத்தானுக்கு என்ற விடையை மறுத்தார். 'லூத்ரோன்' வருமிடத்தில் அவ்வினா தவிர்க்க இயலாதது. பிறவிடங்களுக்கும் அது பரவுமாறு செய்வது மொழிபெயர்ப்பே.

இதனால் 'இரட்சிப்பு' குறையற்றது என்பதன்று. 'ரட்ச்' என்னும் வடமொழி வேருக்குக் காத்தல், பேணுதல் என்பனவே பொருள். அழியும் நிலையினின்று எடுத்தல் என்ற நிகழ்ச்சிப் பொருள் அதில் மங்கல். மேலும், பவுல் இவ்வினையை இறந்தகாலத்திலும் (உரோமையர் 8:24), நிகழ்காலத்திலும் (1 கொரிந்தியர் 1:18), எதிர்காலத்திலும் (உரோமையர் 5:9) ஆள்கிறார். எழுப்புதல் கூட்டங்களில் கேட்கப்படும் 'இரட்சிக்கப்பட்டீர்களா?' என்ற வினாவோ அதனை முடிந்துபோன ஒரு நாளாகச் சுருக்கிவிட்டது. இதற்குச் சொல்லைக் காட்டிலும் வழக்கே பொறுப்பு.

தமிழில் இவ்விரண்டினும் நெருங்கிய சொல் 'உய்' என்பது இக்கட்டுரையாளர் கருத்து. இடருக்குத் தப்புதல், உயிர் வாழ்தல், ஈடேறுதல் ஆகிய மூன்றும் அதில் உள. பக்தி இலக்கியம் அதை அருளோடும் இணைத்துள்ளது. சீரிய மொழி விவிலியமாகிய பெஷித்தா இதே வழியில் சென்றது: அங்கு 'சோத்தேரியா'வுக்கு நேரான சொல்லின் பொருள் உயிர், வாழ்வு என்பதே. மாற்கிலும் லூக்காவிலும் அப்பெண்களை நம்பிக்கை வாழ்வித்தது என்ற ஒரே வினை அதில் அமைந்துள்ளது. ஆனால் 'உய்' இன்று பேச்சில் இல்லை. 'உய்வித்தது' என்று வழிபாட்டில் வாசித்தால் கேட்போரில் பலர் திகைப்பர். பேச்சில் உள்ள 'பிழைத்தல்' பொருளால் அணுக்கமானதே. தவறு செய்தலையும் அதே வடிவம் குறிப்பதால், பாவம் பற்றிய நூலில் அது இடர் தரும்.

ஆகவே சொல்லை மாற்றுமாறு இங்குப் பரிந்துரைக்கவில்லை. திருவிவிலியத்தின் அடுத்த திருத்தத்தில் மாற்கு 5:34-க்கும் லூக்கா 7:50-க்கும் அடிக்குறிப்பு இட்டு, மூலத்தில் ஈரிடத்தும் ஒரே தொடர் என்பதைக் காட்டலாம். அதற்கு இரண்டு வரி போதும்.