வெடிலியா என்ற பெயரில் இரண்டு செடிகள்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பக்கம், தொழிற்சாலைச் சுவர்களை ஒட்டியும் சாலை நடுத்திட்டிலும் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஒரு கொடி படர்ந்து கிடக்கும். வருஷம் முழுக்க மஞ்சள் பூ. நர்சரிக்காரர்கள் இதை ‘வெடிலியா’ என்கிறார்கள். பராமரிப்பு தேவையில்லை, ஒரு துண்டை நட்டால் போதும், அதனால் வளாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த செடி. இந்த இலையைச் சிலர் பை நிறையப் பறித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் “மஞ்சள் கரிசலாங்கண்ணி, கல்லீரலுக்கு நல்லது” என்கிறார்கள்.

இது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை. ஆனால் பறிப்பவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அவர்கள் நம்பிய கையேடுகளைத்தான் கேட்க வேண்டும்.

நடுத்திட்டில் இருப்பது ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. மெக்சிகோ, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்கா அதன் சொந்த ஊர். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் என்று ஐ.யு.சி.என். நிபுணர் குழு போட்ட பட்டியலில் இதுவும் உண்டு. நம்முடைய மஞ்சள் கரிசலாங்கண்ணி, அதாவது பொற்றலைக் கையாந்தகரை, ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம், ஏரிக் கலங்கலுக்குக் கீழே ஈரம் காயாத மண், இங்கேதான் இருக்கும்.

குழப்பத்தின் வேர் பெயரில் இருக்கிறது. பழைய நூல்களில் மூலிகைச் செடிக்கு வெடிலியா கேலண்டுலேசியா என்றும், வெடிலியா சைனென்சிஸ் என்றும் பெயர். தோட்டச் செடிக்கு வெடிலியா ட்ரைலோபேட்டா. 1996-இல் ப்ருஸ்கி என்ற தாவரவியலாளர் இரண்டையும் சேர்த்தே ஸ்பாக்னெட்டிகோலாவுக்கு மாற்றினார். ஆய்வாளர்கள் மாறிவிட்டார்கள், நர்சரி மாறவில்லை, மூலிகைப் புத்தகமும் மாறவில்லை. விளைவு, புத்தகத்தில் ‘வெடிலியா’ என்றால் மருந்து, நர்சரியில் ‘வெடிலியா’ என்றால் தரைவிரிப்பு. புத்தகம் தயாரிக்கிறவர் அந்தப் பெயரை இணையத்தில் தேடி, முதலில் வருகிற பளிச்சென்ற படத்தை எடுத்துப் போட்டுவிடுகிறார். நான் புரட்டிய மலிவுப் பதிப்புகள் சிலவற்றில் பாடம் ஒரு செடியைப் பற்றி, படம் இன்னொரு செடியுடையது!

அந்தப் பாடமாவது உதவுமா என்றால், “மஞ்சள் நிறப் பூக்களை உடையது, ஈரமான இடங்களில் வளரும்” என்று இரண்டே வரி. கரிசாலை, கையான் என்று வழிவழியாக அறிந்தவருக்கு அது போதும், ஏனென்றால் பாட்டியோ வைத்தியரோ செடியைக் காட்டியிருப்பார்கள். காட்ட ஆளில்லாத வாசகருக்கு அந்த இரண்டு வரி ஆபத்து. மஞ்சள் பூ ஒரு அடையாளமே இல்லை. சூரியகாந்திக் குடும்பத்தில் பாதிக்குப் பாதி மஞ்சள்தான். பூங்கொத்தில் இடை நிரப்ப வைக்கிறார்களே கோல்டன் ராட், அமெரிக்காவில் அதன் இனங்களைப் பிரிக்கத் தேர்ந்தவர்களே திணறுகிறார்கள், அங்கேயும் இதே சிக்கல். இதழை எண்ணிப் பார்ப்பதும் வீண்: நாம் இதழ் என்பது தனித்தனிச் சிறு பூ, இரண்டு செடியிலும் எண்ணிக்கை ஒன்றோடொன்று கலந்துதான் வரும்.

இலையைப் பார்க்க வேண்டும். தோட்டச் செடியின் இலை தடித்து, மேலே பளபளப்பாக, நடுவில் அகன்று இரண்டு பக்கமும் தோள் மாதிரி ஒரு மடல் நீட்டியிருக்கும். ட்ரைலோபேட்டா என்றால் மூன்று மடல் என்றே அர்த்தம். மூலிகையின் இலை ஒடுங்கி நீண்ட ஈட்டி வடிவம், மங்கலான பச்சை, ஓரத்தில் பல் இருந்தால் ஒன்றிரண்டு, விரலால் தடவினால் சொரசொரப்பு. ஒரு இலையை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீங்க. நிழலில் கிடக்கும் தோட்டக் கொடியில் மடல் சரியாகத் தெரியாத இலைகளும் இருக்கும். ஒரே கொடியில் பத்து இலை பாருங்க. படரும் விதமும் உதவும்: ஒன்று மற்ற புல்லையெல்லாம் மூடிக் கனத்த பாயாகிவிடும், மற்றது புல்லுக்கு நடுவே ஆங்காங்கே தலை தூக்கி நிற்கும்.

கைபேசிச் செயலிகள்? எல்லோரும் பூவை நேர் மேலிருந்து படம் எடுக்கிறோம். வேறுபாடு இருப்பதோ இலையின் தொடுகையிலும் வடிவத்திலும். செயலி நாலைந்து பெயரை வரிசையாகத் தருகிறது, நாம் முதல் பெயரோடு நின்றுவிடுகிறோம். இதில் செயலியின் குற்றம் பாதிதான்.

அச்சு நூல்களில் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் (1915–1936) இன்னும் கைவிளக்குதான். ஆனால் ஒரு விஷயம். இனம் காணும் திறவுகோல் தன்னிடம் உள்ள இனங்களில் ஒன்றைத்தான் விடையாகத் தரும். கேம்பிள் காலத்தில் இந்தத் தோட்டக் கொடி நம் சாலையோரச் செடியே இல்லை. இன்று அதை வைத்துக்கொண்டு அந்த நூலில் இறங்கினால், தப்பான கதவு திறக்கக்கூடும். திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தில் கே.எம். மேத்யூ எண்பதுகளில் கொண்டுவந்த தமிழ்நாடு கர்நாடிக் தாவர நூலில் கோட்டுப்படங்கள் தனித் தொகுதிகளாகவே உண்டு. வண்ணப் புகைப்படத்தைவிட அந்தக் கறுப்புக் கோடு பல நேரம் மேல், இலை ஓரத்தை மறைக்காது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்கலாம். 1956-இல் சென்னை மாநிலக் கல்லூரியின் டி.ஆர். கோவிந்தாச்சாரி குழு வெடிலியா கேலண்டுலேசியாவிலிருந்து பிரித்து அமைப்பைச் சொன்ன பொருள்தான் வெடிலோலாக்டோன். கல்லீரல் ஆய்வுகளில் இன்றும் அடிபடும் பெயர். அதே பொருள் வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் இருக்கிறது, அது எக்ளிப்டா என்ற வேறு பேரினமாக இருந்தும். வெள்ளையையும் மஞ்சளையும் ஒரே பெயரில் சேர்த்த பழைய தமிழ் வழக்கு சும்மா வந்ததில்லை என்று தோன்றுகிறது. தோட்டச் செடிக்கு இந்த வரலாறு எதுவும் சொந்தமில்லை. கரீபியத் தீவுகளில் அதற்கென்று நாட்டு மருத்துவப் பழக்கம் உண்டு, அது வேறு பக்குவம், வேறு அளவு. மஞ்சள் காமாலைக்கு வைத்தியம் பார்க்காமல் நடுத்திட்டு இலையை அரைத்துக் குடிக்கிறவருக்கு அந்தப் பக்குவமும் இல்லை, இந்த மூலிகையும் இல்லை. போதாததற்கு லாரிப் புகையில் குளித்த இலை.

தென் சீனத்தில் இரண்டும் அருகருகே வளர்ந்த இடங்களில் கலப்பினம் உருவாகிப் பதிவாகியிருக்கிறது. நம் பக்கத்தில் சாலையோர மழைநீர்க் கால்வாய்கள் ஏரியில் போய்ச் சேரும் இடங்களில் வரப்புச் செடியும் தோட்டச் செடியும் சந்திக்க வாய்ப்பிருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் ஒரே செடியில் பாதி மடல், பாதி ஈட்டி என்று இலை கண்டால், பூவோடும் கணுவோடும் ஒரு கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி, இடமும் தேதியும் எழுதி, பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையில் கொடுங்க.