ஒற்றைப்படை வரிசை

கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் நடந்த அரிசிச் சோதனையைப் பற்றி டாக்டர் வில்லியம் பிளெச்சர் 1907இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையை மருத்துவ உலகம் இன்றும் போற்றுகிறது. 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினர். ஒற்றைப்படையினர்க்குத் தீட்டிய வெள்ளையரிசி, இரட்டைப்படையினர்க்குப் புழுங்கலரிசி. வெள்ளையரிசி உண்ட 120 பேருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் உண்ட 123 பேருள் அந்நோயால் மாண்டவர் இலர்.

புழுங்கலரிசி உண்ணும் தமிழரை இந்நோய் அவ்வளவாக அண்டுவதில்லை என்பதை டாக்டர் பிராடன் முன்னமே சுட்டியிருந்தார். (நம் பாட்டிமார் நெல்லை அவித்தது வீண்வேலையன்று!) தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தே காரணம் என்பது பின்னர் விளங்கிற்று.

வெள்ளையரிசி விடுதியின் வழக்கமான உணவுதானே என்பர். தொடக்கத்திற்கு அவ்விடை பொருந்தும். ஒரு வரிசையில் மட்டும் சாவு பெருகியபின் பொருந்துமா?

இசைவளிக்க இயலாதார்க்குப் பாதுகாவலரின் இசைவு வேண்டும் என்றது 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி அறிக்கை. இசைவளிக்க வல்லாரிடம் நடத்தக்கூடிய ஆய்வை இவர்களிடம் நடத்தலாகாது என்றது அதன் பிற்காலத் திருத்தம். பெரிபெரியோ ஈயச் சுரங்கத் தொழிலாளரையும் வாட்டிய நோய். அவர்களைக் கேட்டிருக்கலாம். ஆனால், பிடிக்காத சோற்றை விட்டு அவர்கள் வேறிடத்தில் உண்பர். விடுதியினரோ வெளியே போக முடியாதவர். கட்டுரையின் கணக்கு அத்துணைத் துல்லியமாக அமைந்ததற்கு அந்தப் பூட்டிய கதவும் ஒரு காரணம்.