டிபிஎன் எத்தனை நாள்?

ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறக்கும் குறைமாதக் குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே முழு அளவு பால் கொடுக்க முடியாது. உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சுவிடுவதும் ஒன்றோடொன்று இசைந்து வர, கருவின் வயது 34 வாரத்தையாவது எட்ட வேண்டும். உடம்பில் சேமித்த கொழுப்பும் கிடையாது. வெறும் குளுக்கோஸ் டிரிப்ஸை மட்டும் நம்பினால், நாளொன்றுக்குத் தன் உடல் புரதத்தில் ஒரு சதவீதத்துக்கும் மேல் கரைத்துத்தான் அது உயிர்வாழும். இந்த இடைவெளியை அடைக்க வந்ததே டிபிஎன். குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு, உப்புகள், வைட்டமின், நுண்சத்து எல்லாவற்றையும் நேராக ரத்தக்குழாயில் ஏற்றும் முறை அது.

இந்த முறை உயிர் காத்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1967-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், குடல் கிட்டத்தட்ட முழுவதும் இல்லாமல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு டட்ரிக், வில்மோர் என்ற மருத்துவர்கள் ரத்தக்குழாய் வழியே முழு உணவும் கொடுத்து வளர்த்தார்கள். அதற்குமுன் அப்படிப்பட்ட குழந்தைக்கு வழியே இருந்ததில்லை. ஆனால் 1971-லேயே, இந்த ஊட்டம் பெற்ற குறைமாதக் குழந்தை ஒன்றின் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது பதிவாகிவிட்டது. 1979-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளில் பாதிப் பேருக்குப் பித்தத் தேக்கம் இருந்தது. ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை எடையுள்ளவர்களில் 7 சதவீதம்தான். எடை குறையக் குறைய ஆபத்து ஏறுகிறது. ஏற்றும் நாட்கள் கூடக் கூடவும் ஏறுகிறது. அன்று தெரிந்த இந்த இரண்டு உண்மைகளும் இன்றுவரை மாறவில்லை.

கல்லீரல் ஏன் திணறுகிறது? வாய்வழியாக ஒரு சொட்டும் போகாத குடல், பித்தப்பையைச் சுருங்கச் சொல்லும் ஹார்மோனைச் சுரப்பதில்லை. பித்தம் நகராமல் தேங்கிக் கெட்டிப்படுகிறது. குறைமாதக் குழந்தையின் பித்த அமிலக் கையிருப்பே சொற்பம். நச்சைப் பிரித்து அனுப்பும் திறனும் முதிரவில்லை. குளுக்கோஸ் மிகுதியானால் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. செம்பும் மாங்கனீசும் பித்தம் வழியே வெளியேற வேண்டியவை; பித்தம் தேங்கினால் அவையும் தங்கிவிடுகின்றன. இவற்றோடு ரத்தக்குழாயில் செருகிய குழாய் வழியே கிருமி புகுந்துவிட்டால், கல்லீரலுக்கு விழும் அடி பல மடங்காகிறது. ஒரு முறை ரத்தத்தில் தொற்று வந்த குழந்தைக்குக் காமாலை ஏறுவதைப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை செய்யும் எந்தச் செவிலியரும் பார்த்திருப்பார்.

இத்தனை காரணங்கள் இருந்தும், கடந்த இருபது ஆண்டுகளாக விவாதமெல்லாம் எண்ணெயைச் சுற்றியே நடக்கிறது. நெடுநாளாகப் புழக்கத்தில் இருப்பது சோயா எண்ணெய்க் கரைசல். பால் போல வெண்மையாக, சிரிஞ்ச் பம்பிலிருந்து மெல்ல மெல்ல இறங்குவது அதுதான். அதிலுள்ள தாவர ஸ்டெரால் பித்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று தெரிந்தபின், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் மீன் எண்ணெய்க் கரைசலான ஓமெகாவெனைக் கொடுத்துப் பார்த்தார்கள். பித்தத் தேக்கம் கலைந்த குழந்தைகளைப் பற்றிய முதல் அறிக்கை 2006-இல் வந்தது; 2018-இல் அமெரிக்க அரசு அதை அங்கீகரித்தது. குடல் குட்டையாகி மாதக்கணக்கில் டிபிஎன்னையே நம்பியிருக்கும் குழந்தைக்கு அது பெரிய வரம். ஆனால் சாதாரணக் குறைமாதக் குழந்தைக்குக் கல்லீரல் கோளாறே வராமல் மீன் எண்ணெய் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று 2019-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. பயந்துபோய்க் கொழுப்பை ஒரேயடியாகக் குறைப்பதும் தீர்வாகாது. வளரும் மூளைக்குத் தேவையான கொழுப்பைக் கல்லீரலின் பெயரைச் சொல்லிப் பறிப்பதில் முடியும்.

என் கணிப்பில் எண்ணெயின் வகையைவிட டிபிஎன் ஏறும் நாட்களின் எண்ணிக்கையே முதன்மையானது. திண்டுக்கல்லிலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. ஆனால் மாவட்ட அளவிலான பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவுகள் வார்மர், ஆக்சிஜன், ஒளிச்சிகிச்சை, குழாய் வழிப் பால் ஆகியவற்றுக்காக வகுக்கப்பட்டவை. கிருமியற்ற அறையில் நாள்தோறும் டிபிஎன் கலந்து கொடுப்பதற்காக அல்ல. ஆகவே மிகச் சிறிய குழந்தை பெரும்பாலும் 108 வண்டியில் ஏறி, நான்குவழிச் சாலையில் 65 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரைக்குப் போக வேண்டியிருக்கிறது. வேடசந்தூர் நூற்பாலையில் வேலை செய்யும் பெண்ணோ, நத்தம் பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் பெண்ணோ சிசேரியன் முடிந்து இங்கே வார்டில் படுத்திருப்பார். குழந்தை அங்கே இன்குபேட்டரில் இருக்கும். கூட ஓடுவது தகப்பனும் பாட்டியும்தான்.

டிபிஎன் நாட்களும் அதோடு கல்லீரலின் கதியும் பெரிதும் தீர்மானமாவது, தாயும் குழந்தையும் பிரிந்திருக்கும் இந்த முதல் மூன்று நான்கு நாட்களில்தான். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை ஒரு மில்லி சீம்பால், மூக்கு வழியாகப் போன மெல்லிய குழாயில் இறங்கினால்கூடப் போதும்; குடல் விழிக்கும், பித்தப்பை சுருங்கும். அந்த ஒரு மில்லி எடுக்கப்பட வேண்டிய மார்பு திண்டுக்கல்லில் இருக்கிறது. நாளுக்கு எட்டு முறையாவது பீய்ச்சினால்தான் பால் ஊறும் என்று அந்தத் தாயிடம் யாராவது சொன்னார்களா? சுத்தமான டப்பாவில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்கு அனுப்ப ஏற்பாடு உண்டா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத இடத்தில் விலையுயர்ந்த எண்ணெயை வாங்கி வைத்துப் பயன் குறைவு. மதுரையிலும் தேனியிலும் 2015-லேயே அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி திறந்தார்கள். நல்ல காரியம். ஆனாலும் தானப் பால், பெற்றவளின் பால் வந்து சேரும் வரைக்குமான துணைதான்.

மருத்துவர்கள் பாலை ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். குறைமாதக் குழந்தையின் குடல் அழுகும் நோய் கொடூரமானது. ஒரே இரவில் குழந்தையைக் கொண்டுபோய்விடும். வயிறு சற்று உப்பினாலே பாலை நிறுத்துவதும், அளவை ஆமை வேகத்தில் கூட்டுவதும் அந்தப் பயத்தால்தான். அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சான்று வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. 2019-இல் வெளியான ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், பாலைக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 18 மில்லி வீதம் கூட்டினாலும் 30 மில்லி வீதம் கூட்டினாலும் குடல் நோயில் வேறுபாடு தெரியவில்லை. அதே ஆண்டு டெல்லியிலிருந்து வந்த ஆய்வு, 1000 முதல் 1499 கிராம் வரை எடையுள்ள, நிலை சீரான குழந்தைகளுக்கு முதல் நாளிலிருந்தே முழுவதும் பாலாகவே கொடுத்து, சீக்கிரமே முழு அளவை எட்ட முடியும் என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் 2022-இல், முடிந்தவரை முதல் நாளிலேயே பாலைத் தொடங்கும்படி பரிந்துரைத்தது. டிபிஎன் தேவையே படாத குழந்தைகளுக்கும் பழக்கத்தால் அது தொடர்கிறது என்றால், அந்தப் பழக்கத்தைக் கைவிட இந்தச் சான்றுகள் போதும்.

இன்னொரு குறை வீட்டுக்கு அனுப்பும்போது நேர்கிறது. டிபிஎன்னால் வரும் பித்தத் தேக்கம், பால் முழு அளவை எட்டியபின் வாரங்களிலோ சில மாதங்களிலோ பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அந்த நம்பிக்கையே ஒரு பொறி. பித்தக்குழாய் அடைபட்டுப் பிறந்த குழந்தைக்கும் இதே காமாலைதான். அதற்கு அறுவைச் சிகிச்சை சுமார் 60 நாட்களுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம். ‘டிபிஎன் மஞ்சள்தான், போகப் போகக் குறையும்’ என்று மருத்துவமனையும், ‘காலை வெயிலில் காட்டு, கீழாநெல்லி கொடு’ என்று வீடும் நாளைக் கடத்தினால் அந்தக் கெடு தாண்டிவிடும். சாதாரணப் பிறவி மஞ்சளில் மலம் மஞ்சளாக இருக்கும், மூத்திரம் துணியில் கறை வைக்காது. பித்தம் தேங்கினால் மலம் வெளிறி, சுண்ணாம்புக் குழம்பு போல் வரும். மூத்திரம் துணியில் அடர்மஞ்சள் கறையாகப் படியும். வெயிலும் நீல விளக்கும் இந்த மஞ்சளுக்கு உதவாது. தேவை, மொத்த பிலிருபினோடு நேரடி பிலிருபினையும் பிரித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை. நேரடி அளவு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினாலே காரணம் தேட வேண்டும். டிபிஎன் பெற்ற குழந்தையில் 2-ஐத் தொட்டால் பித்தத் தேக்கம் என்றே கொள்கிறார்கள்.

நிர்வாகத்திடம் நான் கேட்பது இரண்டு. குழந்தையை மதுரைக்கு அனுப்பும்போது, உடல்நிலை இடங்கொடுத்தால் தாயையும் சேர்த்து அனுப்புங்கள். முடியாவிட்டால் அவர் பீய்ச்சும் பால் அன்றன்றே போய்ச்சேர வழி செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை நாள் டிபிஎன் ஏறியது, கடைசி நேரடி பிலிருபின் எவ்வளவு என்ற இரண்டு எண்களைக் கட்டாயம் எழுதுங்கள். சீட்டில் அவை இல்லையென்றால், பெற்றோரே, குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே வருமுன் நீங்கள் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.