பூட்டிய கதவும் முருங்கை மரமும்

ஆடலூரில் நண்பரின் காபித் தோட்டத்து வீட்டில் ஒரு ராத்திரி தங்க நேர்ந்தது. கீழ்ப்பழனி மலை. ஏழு மணிக்கே பனி ஜன்னல்வரை வந்துவிட்டது. கூடவே கரண்ட்டும் போயிற்று. நாலாவது படிக்கும் நண்பரின் மகள், ‘மாமா, பேய்க் கதை சொல்லுங்க’ என்றாள். ‘வேண்டாங்க, ராத்திரி தூங்க மாட்டா’ என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

உங்கள் வீட்டிலும் இந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள். குழந்தைப் புத்தகங்களிலிருந்து பேயை விரட்டிவிட்டு அந்த இடத்தில் நீதிபோதனையை உட்கார வைத்துவிட்டோம். குழந்தை கொட்டாவி விடுகிறது.

ஆங்கிலத்தில் ‘காத்திக்’ என்று ஒரு வகை உண்டு. 1764-ல் ஹொரேஸ் வால்போல் ஆரம்பித்து வைத்தது. பாழடைந்த கோட்டை, பூட்டிய கதவு, பழைய பாவம். நீல் கெய்மன் 2002-ல் ‘கோரலைன்’ நாவலில் இந்தச் சாமான்களை ஒரு பழைய வீட்டின் போர்ஷனுக்குள் கொண்டுவந்தார். அப்பா, அம்மா இருவருக்கும் கம்ப்யூட்டரே கதி. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு அம்மா. ருசியாகச் சமைக்கிறாள், கொஞ்சுகிறாள். ஆனால், கண்ணுக்குப் பதில் கறுப்புப் பொத்தான். அங்கேயே தங்கிவிட்டால் பெண்ணுக்கும் பொத்தான் தைத்துவிடுவாள்.

யோசித்துப் பாருங்கள், பயங்கரம் பொத்தானில் இல்லை. ‘அம்மாவுக்கு என்னைவிட வேலைதான் பெரிசா?’ என்று குழந்தைகள் வாய்விட்டுக் கேட்காத கேள்வியில் இருக்கிறது. கதை அதற்கு ஓர் உருவம் கொடுக்கிறது. உருவம் வந்துவிட்டால் சண்டை போடலாம், ஜெயிக்கலாம். தேவதைக் கதைகளின் பயங்கரம் குழந்தைக்குத் தேவை என்று மனோதத்துவக்காரர் புரூனோ பெட்டல்ஹைம் 1976-லேயே ஒரு புத்தகம் எழுதினார். அவர் மேல் பின்னால் நிறையப் புகார்கள் வந்தன. இந்த ஒரு விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டையில்லை.

எனக்குப் பிடித்தது முடிவு. மீண்டுவந்த பெற்றோருக்கு எதுவுமே ஞாபகமில்லை. மாறியவள் கோரலைன் மட்டும்தான். நம்மூர் நீதிக் கதையாக இருந்தால் அப்பா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பார்.

நமக்கும் இது புதிதல்ல. 1947-ல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை நினைவிருக்கிறதா? கையில் வாள், தோளில் பிணம். அந்த வேதாளம் வெறுமனே பயமுறுத்தவில்லை, கேள்வி கேட்டது. சுடுகாட்டில் வைத்து எது நியாயம் என்று யோசிக்கச் சொன்னது. அதைக் கைவிட்டோம். ‘சாப்பிடலேன்னா பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போயிடுவான்’ என்பதை மட்டும் விடவில்லை. கதையில் வரும் பூதத்தைக் குழந்தை ஜெயிக்கலாம். சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே நாம் நிறுத்தும் பூச்சாண்டியை ஜெயிக்க வழியே கிடையாது.

அன்று வேதாளக் கதைதான் சொன்னேன்.

‘ராஜாவுக்குப் பயமா இருக்காதா மாமா?’

‘இருக்கும்.’

‘அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப முருங்கை மரத்துக்குப் போறாரு?’

‘வாக்குக் கொடுத்துட்டாரே.’

கொஞ்ச நேரம் பேச்சில்லை. ‘எங்களுக்கு யானைதாம் மாமா பயம். ஆனா ஸ்கூலுக்குப் போய்த்தானே ஆகணும்’ என்றாள். ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள்.

தகரக் கூரையில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. விடியும்வரை எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.