ஏசலும் ஏத்தலும்

இறைவன் சந்நிதியில் சிரிப்புக்கு இடமில்லை என்று கருதுவோர் நம்மிடையே பலர். தமிழ்க் கவிதை அவ்வாறு கருதியதில்லை. ஒரு கண்ணில் பார்வையின்றித் திருவாரூரில் நின்ற சுந்தரர், தம் துயரைச் சொல்லி, இறைவனை வாழ்த்துவது போலவே கடிந்து பாடினார். தோழமை தந்த உரிமை அது. 15-ஆம் நூற்றாண்டினரான காளமேகப் புலவரோ நிந்தாஸ்துதியை ஒரு கலையாகவே வளர்த்தார். மேலோட்டமாகப் பார்த்தால் வசை. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் துதி.

இருவரும் ஒரு தரத்தினர் அல்லர் என்பதே நம் கருத்து. சுந்தரரின் ஏசலில் வலி இருக்கிறது. காளமேகத்தின் பாடல்கள் சில வெறும் சொல் வித்தையாகவே நின்றுவிடுகின்றன. ஆயினும் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடக்கிய அவருடைய சிலேடையைக் கேட்டு முறுவலிக்காத தமிழர் உண்டோ?

உண்டு, நம் வீட்டிலேயே உண்டு. சென்ற விடுமுறையில் அந்தப் பாடலை நம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினோம். அவர்கள் சிரிக்கவில்லை. இந்தியில் விளக்கினோம், தலையசைத்தார்கள், அப்போதும் சிரிக்கவில்லை. பொருளை மொழிபெயர்க்கலாம், ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டாவது சொல்லை எப்படிப் பெயர்ப்பது? குறை புலவருடையது அன்று, பிள்ளைகளுடையதும் அன்று. வீட்டில் தமிழ் பேச நேரமில்லை என்று இத்தனை ஆண்டுகள் சொல்லி வந்த நம்முடையதே. தேவாரத்தை மனனம் செய்விக்கும் நாம், அவர்களோடு தமிழில் சிரித்துப் பேசவும் தொடங்குவோமாக.