சொல்லாமல் கொள்ளாமல் போனவள்

‘சொல்லாம கொள்ளாம போயிட்டா’ என்கிறோம். இந்த வாக்கியத்தை நின்று கேட்டால், போனதைப் பற்றிய வருத்தத்தைவிடச் சொல்லாததைப் பற்றிய கோபம்தான் அதில் தூக்கலாக இருக்கிறது. ஒரு பெண், அதிலும் பிள்ளை பெற்றவள், வீட்டைவிட்டுப் போவதென்றால் யாரிடமாவது கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது வருவாய்? மூன்றுக்கும் பதில் வைக்காமல் போனால், அவளுக்கு என்ன ஆனதோ என்ற பதற்றம் சீக்கிரமே அவள் நமக்கு இப்படிச் செய்துவிட்டாளே என்ற ஆத்திரமாக மாறிவிடும். எலனா ஃபெரான்டேயின் நேப்பிள்ஸ் நாவல்கள் நான்கும் இந்த ஆத்திரத்தில்தான் தொடங்குகின்றன.

2011 முதல் 2014 வரை ஆண்டுக்கு ஒன்றாக இத்தாலிய மொழியில் வந்த நாவல்கள் இவை. ஆன் கோல்ட்ஸ்டீனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத்தான் நம்மில் பலர் வாசித்திருப்போம். 2024இல் நியூயார்க் டைம்ஸ் எழுத்தாளர்களிடமும் விமர்சகர்களிடமும் வாக்கெடுத்து வெளியிட்ட இந்நூற்றாண்டின் சிறந்த நூல்கள் பட்டியலில் முதல் நாவலான ‘மை பிரில்லியன்ட் ஃப்ரெண்ட்’ முதலிடம் பெற்றது. இந்த நாவல்களைப் பற்றிய பேச்செல்லாம் ‘இரண்டு பெண்களின் நட்பு’ என்பதில் வந்து நின்றுவிடுகிறது. தப்பில்லை. ஆனால் முதல் பக்கத்தில் நடப்பது என்ன? வேலை செய்து பிள்ளை வளர்த்த ஒரு பெண் தன் வீட்டிலிருந்து காணாமல் போகிறாள். கடைசிப் பக்கம் வரை அவள் எங்கே என்று தெரிவதில்லை.

1

துரின் நகரில் தனியாக வசிக்கும் எழுத்தாளர் எலனா கிரேக்கோவுக்கு நேப்பிள்ஸிலிருந்து போன் வருகிறது. (ஆசிரியர் பெயரும் கதைசொல்லியின் பெயரும் ஒன்றாக இருப்பதால் கதைசொல்லியை அவளுடைய பேட்டைப் பெயரான லெனு என்றே அழைப்போம்.) பேசுபவன் ரீனோ, அவளுடைய பால்யத் தோழி லீலாவின் மகன். அம்மாவைக் காணோம் என்கிறான். எப்போதிலிருந்து? இரண்டு வாரமாக.

அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கும், நாற்பது வயதான மகன் அவன். அம்மா இல்லை என்பது அவனுக்கு உறைப்பதற்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. ஃபெரான்டே இதைத் திட்டித் தீர்ப்பதில்லை, போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அடுத்து நடப்பதுதான் முக்கியம். பீரோவைத் திறந்து பார் என்கிறாள் லெனு. துணிமணி ஒன்றுகூட இல்லை. செருப்பு, புத்தகம், கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. போட்டோக்களைப் பார்க்கச் சொல்கிறாள். மகன் குழந்தையாக இருந்தபோது எடுத்தவை உட்பட எல்லாப் படங்களிலிருந்தும் லீலா தன் உருவத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். 66 வயதில் வீட்டைவிட்டுப் போனது போதாதென்று, அந்த வீட்டில் தான் இருந்தாள் என்பதற்கான தடயத்தையும் கொண்டுபோய்விட்டாள்.

அவளைத் தேடாதே, ஒரு தடவையாவது அவள் விருப்பப்படி நடந்துகொள் என்று ரீனோவிடம் சொல்லிவிட்டு போனை வைக்கிறாள் லெனு. வைத்த கையோடு கம்ப்யூட்டரைத் திறந்து, லீலாவைப் பற்றித் தன் நினைவில் உள்ள அனைத்தையும் எழுத ஆரம்பிக்கிறாள். அவள் அழிக்க நினைத்தால் நான் எழுதிவைக்கிறேன், யார் ஜெயிக்கிறார்கள் பார்ப்போம் என்ற வீம்பு. மகனுக்கு ‘தேடாதே’ என்று புத்தி சொன்னவள், தானே 1,600 பக்கங்களுக்கு மேல் தேடுகிறாள். தொடரின் மொத்த முரணும் இந்த இடத்தில் இருக்கிறது. நம் கையில் இருக்கும் புத்தகம், காணாமல் போனவள் வேண்டவே வேண்டாம் என்று சொன்ன புத்தகம்.

லீலா முன்பே வாக்குறுதி வாங்கியிருக்கிறாள்: என்னைப் பற்றி எழுதாதே. லெனு அதை மீறி ஒரு சின்னப் புத்தகம் எழுதி வெளியிட்டாள். அதோடு லீலா பேச்சை நிறுத்திக்கொண்டாள். அப்படியும் லெனுவுக்குப் பாடம் வரவில்லை. பாடம் வந்திருந்தால் நமக்கு நாவல் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம். அந்த லாபத்தில் நமக்கும் பங்கிருக்கிறது.

2

துப்பறியும் கதை வாசிக்கிற பழக்கத்தில் நாம் கேட்கும் முதல் கேள்வி, தடயத்தை அழித்தது யார் என்பது. லீலாதான் என்று முதல் நாவலின் முன்னுரை சொல்கிறது. இரண்டாம் நாவலின் தொடக்கத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. 1966இல், கணவன் கையில் சிக்கிவிடக்கூடாது என்ற பயத்தில், எட்டு நோட்டுப் புத்தகங்கள் அடங்கிய ஒரு தகரப் பெட்டியை லெனுவிடம் கொடுக்கிறாள் லீலா. திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்குகிறாள். லெனு ரயிலிலேயே திறந்துவிடுகிறாள். படிக்கிறாள், வியக்கிறாள், பொறாமையில் வேகிறாள். பிறகு பீசா நகரத்தில் சோல்ஃபெரினோ பாலத்தின் மேல் நின்று பெட்டியை ஆர்னோ ஆற்றில் தள்ளிவிடுகிறாள்.

ஆக லீலா தன் கையால் தன்னைப் பற்றி எழுதியதை அழித்தவள், ‘லீலா தன்னை அழித்துக்கொண்டாள்’ என்று நமக்குச் சொல்லும் அதே லெனு. அந்த நோட்டுகள் இருந்திருந்தால் லீலாவுக்கென்று ஒரு குரல் இருந்திருக்கும். இப்போது அவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் லெனு வாய்வழியாக வந்ததுதான். பெயர்கூட அப்படித்தான். பதிவேட்டில் அவள் ரஃபாயெல்லா. பேட்டையில் எல்லோரும் கூப்பிடுவது லீனா. ‘லீலா’ என்று கூப்பிடும் ஒரே ஆள் லெனு. நாம் நான்கு நாவல்கள் முழுக்க உச்சரிக்கும் பெயரே தேடுபவள் வைத்த பெயர்!

இன்னொன்று. லீலாவின் திருமணப் படம் ஒன்றைப் பெரிதாக்கி செருப்புக் கடையில் மாட்ட நினைக்கிறார்கள். கறுப்புத் தாளும் வண்ணமும் கொண்டு அந்தப் படத்தில் தன் உடலைத் துண்டு துண்டாக மறைத்து, காலணி எடுப்பாகத் தெரியும்படி ஆக்குகிறாள் லீலா. கூட இருந்து வெட்டி ஒட்டுபவள் லெனு. அந்த வேலை செய்த நாட்கள் இருவருக்குமே ஆனந்தமாக இருக்கின்றன. பிற்பாடு குடும்பப் படங்களில் கத்தரிக்கோல் வைத்தது திடீர்ப் பைத்தியம் அல்ல, இளமையிலேயே கைவந்த தொழில் அது. பிறர் மாட்டிவைக்கும் தன் படத்தைத் தானே வெட்டுவதில் அவளுக்கு ஒரு ருசி இருக்கிறது. பின்னாளில் அதே செயலை லெனு தன் மீது தொடுத்த போராக வாசிப்பது அவளுடைய குறை. ஃபெரான்டே இரண்டு காட்சிகளையும் நம் முன் வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் ஒதுங்கிக்கொள்கிறார்.

3

லீலாவை ‘மேதை’ என்று பேசும் விமர்சனங்கள் அவள் தொழிலாளி என்பதை அநேகமாக மறந்துவிடுகின்றன. செருப்புத் தைப்பவரின் மகள். தொடக்கப் பள்ளியோடு படிப்பு போயிற்று. காலணிகள் வரைகிறாள், மளிகைக் கடையில் நிற்கிறாள். கணவனைவிட்டு வந்தபின் சிறு குழந்தையோடு ஒரு சாசேஜ் ஆலையில் வேலைக்குப் போகிறாள். உப்புநீரில் இறைச்சியை அலசி அலசிக் கை புண்ணாகிறது. முதலாளியின் கை மேலே படுகிறது. இரவில் தூங்காமல் என்ஸோவோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறாள். பின்னால் இருவரும் சேர்ந்து அந்தப் பேட்டையிலேயே ஒரு கம்ப்யூட்டர் நிறுவனம் நடத்துகிறார்கள்.

இந்த உழைப்பில் ஒரு பகுதி லெனுவுக்கும் போயிருக்கிறது. லெனு பேட்டைக்கே திரும்பிவந்து, லீலா வீட்டுக்கு மேல்வீட்டில் குடியேறுகிறாள். அவள் புத்தக வேலையாக ஊர் ஊராகப் போகும்போதெல்லாம் அவளுடைய பெண்களைப் பார்த்துக்கொள்பவள் லீலா. லெனுவும் வேலைக்குப் போகும் தாய்தான். அவளும்தான் நாட்கணக்கில் பிள்ளைகளைவிட்டுக் காணாமல் போனாள், ஒருமுறை காதலனோடு. ஆனால் அவள் போனதற்கெல்லாம் பெயர் இருந்தது: கூட்டம், விருது, காதல். பெயர் வைத்துப் போனால் அது பயணம். அவள் போய்வர முடிந்ததற்குக் காரணம், கீழ்வீட்டில் ஒருத்தி எங்கும் போகாமல் இருந்ததுதான்.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாவல்களில் பீசா, ஃபிளாரன்ஸ் என்று லெனு படிப்பும் திருமணமுமாக நகரும் பகுதிகளில் கதை தொய்கிறது. நீனோ வரும் பக்கங்களில் ‘இந்த ஆளை இன்னும் எத்தனை அத்தியாயம் தாங்குவது’ என்று தோன்றிவிடுகிறது. அந்தப் பகுதிகளில் லீலா வெறும் போன் குரலாகச் சுருங்கிவிடுகிறாள். தன் வாழ்க்கை நன்றாகப் போகும்போதெல்லாம் லெனு தோழியைக் கதையிலிருந்து தொலைத்துவிடுகிறாள். அதைத் திட்டமிட்ட உத்தி என்று பாராட்டலாம்தான். உத்தியாகவே இருந்தாலும் தொய்வு தொய்வுதான்.

4

காணாமல் போன தாயைப் பற்றிய வேறொரு புகழ்பெற்ற நாவலைப் பக்கத்தில் வைத்தால் ஃபெரான்டேயின் துணிச்சல் புரியும். தென்கொரிய எழுத்தாளர் ஷின் கியுங்-சூக்கின் ‘ப்ளீஸ் லுக் ஆஃப்டர் மாம்’ 2008இல் கொரிய மொழியில் வந்தது. 2011ஆம் ஆண்டுக்கான மேன் ஆசிய இலக்கியப் பரிசைப் பெற்றது. சோல் ரயில் நிலைய நெரிசலில், எப்போதும்போல முன்னால் நடந்த கணவர் ரயிலேறிவிடுகிறார். பின்னால் வந்த மனைவி நின்றுவிடுகிறாள். தேடுதல் நோட்டீஸ் எழுதும் பொறுப்பு எழுத்தாளரான மகளிடம் வருகிறது. அம்மாவின் பிறந்த ஆண்டிலேயே குழப்பம். சமீபத்திய போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. புத்தகங்கள் எழுதிய மகளுக்கு அம்மாவைப் பற்றி நாலு வரி எழுத வரவில்லை. அந்த முதல் அத்தியாயம் அபாரமானது.

ஆனால் பிற்பகுதியில் ஷின், தாயையே பேசவைக்கிறார். உடலைவிட்டு அலையும் குரலாக வந்து, ஒவ்வொரு வீட்டையும் எட்டிப் பார்த்து, எல்லோர் மீதும் பிரியத்தைப் பொழிந்துவிட்டுப் போகிறாள். வாசகர் அழுவார். அழுதபின் லேசாகிவிடுவார். அம்மா மன்னித்துவிட்டாள் அல்லவா? ஃபெரான்டே நமக்கு அந்த ஆறுதலைத் தரவே மாட்டார். அவள் பேசமாட்டாள், மன்னித்தாளா என்று சொல்லமாட்டாள், உயிரோடு இருக்கிறாளா என்பதும் தெரியாது. கொரியத் தாய் தொலைந்தது அவளை யாரும் பார்க்காததால். லீலா போனது, லெனு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததால்.

5

லீலாவுக்கு முன் அந்த வீட்டில் இன்னொருத்தி காணாமல் போயிருக்கிறாள். 1984இல், நான்கு வயதைத் தொடவிருந்த அவள் மகள் தீனா. ஞாயிற்றுக்கிழமை, தெரு நிறைய ஆட்கள், சில நிமிடக் கவனப் பிசகு. குழந்தை இல்லை. உடலும் கிடைக்கவில்லை. லாரியில் அடிபட்டதா, யாராவது தூக்கிக்கொண்டு போனார்களா, பேட்டை முழுக்க வதந்திதான். அதற்கு முன் ஒரு பத்திரிகையில் லெனுவும் தீனாவும் சேர்ந்திருக்கும் படம் வந்திருந்தது, எழுத்தாளரும் அவர் மகளும் என்ற தவறான குறிப்போடு. லெனுவைப் பழிவாங்க நினைத்தவர்கள் ஆள் மாறித் தூக்கிவிட்டார்களோ? இந்தச் சந்தேகம் இருவருக்கும் நடுவில் கடைசிவரை கிடக்கிறது.

66 வயதில் லீலா போன விதத்தை இந்தச் சம்பவத்தின் பக்கத்தில் வைத்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது. உடல் இல்லை, கடிதம் இல்லை, காரணம் இல்லை. மகள் எப்படிப் போனாளோ அப்படியே அம்மாவும் போகிறாள். 26 வருடம் கழித்து அதே வழியில். யாரையும் தண்டிக்கப் போனாளா, தேடிப் போனாளா, சும்மா களைத்துப் போனாளா என்று நமக்குச் சொல்ல யாரும் இல்லை. தன்னோடு நடக்கும் மல்லுக்கட்டாகவே இதைப் பார்க்கும் லெனுவுக்கு, ஒரு தாயின் துக்கம் கண்ணில் படவே இல்லை என்பதுதான் இந்த 1,600 பக்கங்களின் மிகக் கொடிய வெற்றிடம்.

இறுதியில் துரினில் லெனுவின் தபால் பெட்டி மேல் ஒரு பொட்டலம் இருக்கிறது. சிறுவயதில் இருவரும் நிலவறைக்குள் வீசியெறிந்து தொலைத்த இரண்டு பொம்மைகள். ஒன்றின் பெயர் தீனா, அது லெனுவின் பொம்மை. பலர் இதை ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்ற சைகையாக வாசிக்கிறார்கள். எனக்கு அது கடனைத் திருப்பிக் கொடுத்ததுபோல் தெரிகிறது. உன்னுடையதை வைத்துக்கொள், என்னுடையது உன்னிடம் எதுவும் இருக்க வேண்டாம்.

2016இல் இத்தாலியப் பத்திரிகையாளர் ஒருவர் ராயல்டிக் கணக்குகளையும் சொத்துப் பதிவுகளையும் தோண்டி, புனைபெயருக்குப் பின்னால் இருக்கும் ஃபெரான்டே யார் என்று ‘கண்டுபிடித்து’ வெளியிட்டார். உலகெங்கும் வாசகர்கள் கொதித்தார்கள். மறைந்திருக்க விரும்பியவரைத் துரத்தியது அசிங்கம் என்றார்கள். நியாயம்தான். ஆனால் நான்கு நாவல்கள் முழுக்க அதே வேலையைச் செய்த லெனுவின் தோளில் கைபோட்டு நடந்தவர்களும் நாம்தானே.

தமிழில் எழுத வரும் எவரும் அநேகமாக ஒரு அம்மா கவிதையோடுதான் வருகிறோம். அவள் கைத்தழும்பு, அவள் சேலை வாசம், வேலைவிட்டு வந்தும் அடுப்படியில் நின்ற அவள் முதுகு. லைக்கும் கைதட்டலும் நமக்கு வருகின்றன. அம்மாவிடம் யார் கேட்டார்கள், ‘இதை எழுதட்டுமா?’ என்று? வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்போமா? லெனு நிறுத்தவில்லை. அதனால் ஒரு மகத்தான நாவல் கிடைத்தது, ஒரு தோழி போனாள். லாபமா நட்டமா என்ற கணக்கை ஃபெரான்டே போட்டுக் காட்டவில்லை. அதைப் போட வேண்டியவர்கள் எழுதுகிறவர்கள்.