தட்டும் தங்கமும்

வியாபாரிகள் சங்கம் கூடினால் விலை ஏறும் என்றுதான் நமக்கு நினைப்பு. அதனால் வாங்குகிறவனுக்கு நன்மை விளையும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. 1952இல் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டன. ரிகார்டிங் இண்டஸ்ட்ரி அஸோஸியேஷன் ஆப் அமெரிக்கா என்று பெயர். ஆரம்பத்தில் அது செய்த ஒரு காரியத்தை, சங்கீதத்துக்கே செய்த உபகாரம் என்று சொல்வேன்.

ஒலியை உள்ளது உள்ளபடியே தட்டில் வெட்ட முடியாது. கனத்த கீழ் ஸ்வரங்கள் ஊசியை அகல வீசச் செய்யும். பள்ளம் அகன்றால் தட்டில் இடம் போதாது. உச்ச ஒலிகளோ தட்டின் கரகரப்பில் அமுங்கிப் போகும். ஆகவே வெட்டும்போது கீழதைக் குறைத்து மேலதை ஏற்றுவார்கள். கேட்கும்போது இயந்திரம் அதைத் தலைகீழாக்கிச் சரி செய்யும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு ஏற்றுவது என்பதில் கம்பெனிக்கு ஒரு கணக்கு இருந்தது. கொலம்பியா தட்டுக்குத் திருகி வைத்த குமிழ் ஆர்.ஸி.ஏ. தட்டுக்குப் பொருந்தாது, வயலின் கீச்சிடும், அல்லது பாடகிக்கு ஜலதோஷம் பிடித்துவிடும். 1954இல் சங்கம் எல்லோருக்கும் ஒரே கணக்கை வகுத்தது. ஆர்.ஸி.ஏ. கையாண்ட முறையை ஒட்டியது அது. நாளடைவில் மற்ற தேசங்களும் ஏற்றுக்கொண்டன. இன்றும் புதுத் தட்டுகள் அந்தக் கணக்கின்படியே வெட்டப்படுகின்றன. கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஊரறிந்தது தங்கத் தட்டுதான். 1989க்கு முன் ஒற்றைப் பாட்டுத் தட்டு 10 லட்சம் விற்றால் தங்கம் என்று இருந்தது. 1958இல் பெர்ரி கோமோ முதலில் பெற்றார். 1976இல் பிளாட்டினம், 1999இல் வைரம் என்று நகைக்கடையே வைத்துவிட்டார்கள். 2016 முதல் இணையத்தில் 1,500 முறை ஒலித்தால் ஓர் ஆல்பம் விற்றதாகக் கணக்கு. கம்பெனிகள் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லாமல் தடுத்தது வரையில் சரி. ஆனால் பாட்டு எப்படி என்று கேட்டால் எடைக்கல்லைக் காட்டுவது விமரிசனமாகுமா?

அதுவும் போகட்டும். 2003 செப்டம்பரில், இணையத்தில் பாட்டுகளைப் பகிர்ந்ததாக 261 பேர்மீது கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. முன்னின்று நடத்தியது சங்கம். மாட்டிக்கொண்டவர்களில் நியூயார்க்கில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி! தாயார் 2,000 டாலர் கொடுத்து ராஜி செய்துகொண்டாள்.

பாடியவனுக்குக் கூலி வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். திருட்டுப் பதிப்பைக் கண்டால் எனக்கும் வயிறு எரியும். அச்சடித்து விற்றவனைப் பிடியுங்கள் என்பேன். படித்தவனைக் கூண்டில் ஏற்றச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. பகிர்ந்தவளும் விநியோகம் செய்தவள்தானே என்று வக்கீல் சொல்லலாம். சட்டம் அவர் பக்கம்தான். ஆனால் குமிழ் திருகும் தொல்லையிலிருந்து கேட்பவனை விடுவித்த அதே சங்கம் ஐம்பது வருஷத்துக்குள் அவனைப் பிரதிவாதியாக்கிவிட்டதே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 2008 கடைசியில் இந்த முறையைக் கைவிடுவதாக அவர்களே தெரிவித்தார்கள். அதற்குள் வழக்கில் இழுக்கப்பட்டவர்கள் 30,000 பேருக்கு மேல்.